எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

எங்கேனும் ஓர் இளைஞன் வாளெடுத்து வெட்டினான், துவக்கெடுத்துச் சுட்டான் என்ற செய்தி காதில் விழுந்த மறுகணமே, அதற்கான தீர்ப்பும் உடன்பிறந்துவிடுகின்றது. "எல்லாம் இந்தப் படங்கள் செய்த வேலை, எல்லாம் இந்த வீடியோ விளையாட்டுகள் செய்த வேலை" என்பதே அத்தீர்ப்பு. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, எதிர்வாதமும் இல்லை. வடபகுதியில் வாள்வெட்டுக் கும்பல்கள் தலையெடுத்த நாள்தொட்டு, தென்னிந்தியத் திரைப்படங்களே அதற்குக் காரணம் என்ற பேச்சை மேடைகளிலும் கோயில் வீதிகளிலும் பெற்றார் கூட்டங்களிலும் நாம் கேட்டு வருகின்றோம். அமெரிக்காவிலோ, பாடசாலைக்குள் புகுந்து பாலகரைச் சுட்டுக் கொல்லும் கொடுமை நிகழும் போதெல்லாம் அரசியல்வாதிகள் முதலிற் சுட்டிக்காட்டுவது வீடியோ விளையாட்டையே.

பெற்றாரின் அச்சத்தை அற்பமென்று ஒதுக்குவது எமது நோக்கமன்று. கைத்தொலைபேசியின் திரையிலே மகன் நாள் முழுதும் சுட்டும் வெட்டியும் விளையாடுவதைக் காணும் தாயின் நெஞ்சு பதறாதிருக்குமா? அவள் கேட்கும் கேள்வி நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடை அளிக்கப்படல் வேண்டும். ஆயின், குற்றவாளியைத் தவறாகக் காட்டும் வழக்கிலே அநீதிகள் இரண்டு நிகழ்கின்றன. குற்றமில்லாதவன் தண்டிக்கப்படுவது ஒன்று. குற்றம் புரிந்தவன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தீர்ப்புக்குக் கைதட்டுவது மற்றொன்று. இந்த இரண்டாவது அநீதியைப் பற்றியே நாம் பெரிதும் கவலை கொள்கின்றோம்.

பழைய வழக்கு, புதிய எதிரி

இது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கன்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே குற்றவாளிக் கூண்டில் நின்றவை சித்திரக் கதைப் புத்தகங்கள். பிரெட்ரிக் வேர்தாம் என்ற மனநோய் வைத்தியர், சிறுவர் குற்றவாளிகளாவதற்குச் சித்திரக் கதைகளே காரணம் என்று அவ்வாண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். நாடு கொதித்தெழுந்தது. செனற் சபையின் உபகுழு பகிரங்க விசாரணை நடத்திற்று. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே கடும் ஒழுக்கக் கோவை ஒன்றை வகுத்துக்கொண்டனர். பல வெளியீடுகள் நின்றொழிந்தன.

வேர்தாம் தீயவர் அல்லர். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலே வறிய கறுப்பின மக்களுக்கு வைத்தியசாலை நடத்திய நல்லெண்ணம் படைத்தவர். ஆயினும், அவருடைய குறிப்பேடுகள் 2010ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டபோது, கரோல் டில்லி என்னும் அறிஞர் அவற்றை நூலோடு ஒப்பிட்டு நோக்கினார். சிறுவரின் வாக்குமூலங்கள் கூட்டியும் குறைத்தும் மாற்றியும் எழுதப்பட்டிருந்தமையைக் கண்டு 2012இல் வெளிப்படுத்தினார். நல்லெண்ணம் சான்றுக்கு ஈடாகாது என்பதற்கு இதனிலும் மேலான பாடம் வேண்டுவதில்லை.

சித்திரக் கதைகளுக்குப் பின் தொலைக்காட்சியும், அதன் பின் வீடியோ விளையாட்டும் அதே கூண்டில் ஏற்றப்பட்டன. 1993 டிசம்பரில் அமெரிக்கச் செனற் சபையினர் 'மோட்டல் கொம்பாற்' முதலிய விளையாட்டுகளைக் குறித்து விசாரணை நடத்தினர். அதன் பயனாக, எந்த வயதினருக்கு எந்த விளையாட்டு உகந்தது என்று உறையின் மேலே குறியிடும் முறை 1994இல் அமைந்தது. அந்த முறை நல்லதொரு முறை. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

வழக்குத் தொடுத்தோர் கட்சி

நடுநிலை தவறாதோர் முதலில் வழக்குத் தொடுத்தோரின் சாட்சியைக் கேட்கவேண்டும். 1961ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேட் பண்டூரா என்னும் உளவியலறிஞர், 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள், தாமும் அவ்வாறே அடித்தன. அடிப்பதைத் திரைப்படத்திலே கண்ட குழந்தைகளும் அவ்வாறே செய்தன என்பது 1963இல் வெளிவந்த அவரது அடுத்த ஆராய்ச்சியின் முடிவு. குழந்தை கண்டதைச் செய்யும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால், அந்தப் பொம்மை அடித்தாற் சாய்ந்து மீண்டும் நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட பொம்மை. பொம்மையை அடித்த குழந்தை தம்பியையும் அடிக்கும் என்றோ, வளர்ந்தபின் அயலானை வெட்டும் என்றோ அச்சோதனை நிரூபிக்கவில்லை.

அதன் பின்னர் எத்தனையோ ஆராய்ச்சிகள் வந்தன. ஆய்வுகூடத்திலே சிறிது நேரம் விளையாடச் செய்து, பின்னர் எதிராளிக்கு எவ்வளவு உரத்த சத்தத்தைக் கேட்கச் செய்கின்றான், எவ்வளவு காரத்தை உண்ணக் கொடுக்கின்றான் என்று அளப்பது அவற்றுட் பலவற்றின் முறை. இவ்வாறான அளவுகள் கணநேரச் சினத்தைக் காட்டலாம். கொலைக் குற்றத்தைக் காட்டா. இவற்றினும் வலிமை வாய்ந்த சான்று 2018இல் வெளிவந்தது. 17,000க்கும் மேற்பட்ட இளையோரைக் காலப்போக்கிலே தொடர்ந்து கவனித்த 24 ஆராய்ச்சிகளை ஒருங்கு சேர்த்து நோக்கிய அறிஞர்கள், வன்முறை விளையாட்டுகளை விளையாடியோரிடத்துக் கைகலப்பும் முரட்டுத்தனமும் சற்றே அதிகரித்தமையைக் கண்டனர். 'சற்றே' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தொடர்பு இருந்தது, ஆனால் அது மிகச் சிறியதாய் இருந்தது.

அமெரிக்க உளவியற் சங்கம் 2015இல் வெளியிட்ட தீர்மானத்தில் வன்முறை விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்புண்டு என்று கூறிற்று. ஆனால், 2020இல் அத்தீர்மானத்தை மீண்டும் ஆராய்ந்து, சிறிய தொடர்பு முரட்டுத்தனத்தோடுதான். கொடுங்குற்றங்களுக்கு விளையாட்டுகளைக் காரணம் கூறப் போதிய சான்றில்லை என்று தெளிவுபடுத்திற்று. சத்தமிடுதலும் தள்ளுதலும் வேறு, உயிர்க்கொலை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே எமது மேடைப் பேச்சாளர் பலரும் விடும் பிழை.

எதிர்க்கட்சியின் சாட்சிகள்

இனி மறுபக்கத்தைக் கேட்போம். 2019இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 14, 15 வயதுடைய 1,004 பிரித்தானிய இளையோரை ஆராய்ந்தனர். எதை எவ்வாறு அளப்பது என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, முடிவு எவ்வாறு வரினும் மாற்றுவதில்லை என்ற ஒழுங்குடன் நடத்திய ஆராய்ச்சி அது. வன்முறை விளையாட்டுக்கும் இளையோரின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு எதனையும் அவர்கள் காணவில்லை. செர்மனியிலே 2018இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், வளர்ந்தோர் சிலரை இரண்டு மாத காலம் நாள்தோறும் கொடிய வன்முறை நிறைந்த விளையாட்டொன்றை விளையாடச் செய்தனர். முடிவில் அவர்களின் இயல்பிலே குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

நாட்டு நடப்பையும் நோக்குவோம். அமெரிக்காவிலே வன்குற்றங்களுக்காகக் கைதான சிறுவர் தொகை 1994ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டிற்று. அதற்குப் பின்வந்த இருபது ஆண்டுகளிலே வீடியோ விளையாட்டு வீடுதோறும் புகுந்தது, முன்னிலும் தத்ரூபமாயிற்று, முன்னிலும் கொடிதாயிற்று. அக்காலத்திலே அக்கைதுகள் பாதிக்கும் கீழாக வீழ்ந்தன. விளையாட்டே குற்றத்தைக் குறைத்தது என்று நாம் வாதாடவில்லை. விளையாட்டுப் பெருகினாற் கொலை பெருகும் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர் என்றே கேட்கின்றோம். வீடியோ விளையாட்டின் தாயகங்களுள் ஒன்றாகிய யப்பானில் துவக்கினால் மாள்வோர் தொகை ஆண்டொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கது. அதே விளையாட்டுகளை விளையாடும் அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும், தற்கொலைகளும் உட்பட, 48,000க்கும் மேற்பட்டோர் துவக்கினால் மாண்டனர். இரு நாட்டுப் பிள்ளைகளும் காணும் திரை ஒன்றே. ஒரு நாட்டில் துவக்கு அலுமாரியிலே கிடக்கின்றது. மற்றைய நாட்டில் அது கிடைப்பதேயில்லை.

திரைப்படங்களைப் பற்றியும் வியப்பான ஓர் ஆராய்ச்சி உண்டு. கோர்டன் டால், ஸ்ரெபனோ டெலாவிக்னா என்னும் பொருளியலறிஞர் இருவர், வன்முறைப் படங்கள் ஓடிய வார இறுதிகளில் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களைக் கணக்கெடுத்து 2009இல் முடிவை வெளியிட்டனர். அந்த நாட்களின் இரவில் தாக்குதல்கள் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்தன. காரணம் எளிது. அடிதடியில் நாட்டமுள்ள வாலிபன் அந்நேரம் மதுக்கடையில் இல்லை, படமாளிகையில் இருந்தான். படம் அவனைத் திருத்தவில்லை. ஆனால் போத்தலிடமிருந்து சில மணி நேரம் அவனைப் பிரித்து வைத்தது.

நீதிமன்றம் கண்ட உண்மை

இவ்வழக்கு உண்மையாகவே ஒரு நீதிமன்றத்தின் முன் வந்தது. 2005ஆம் ஆண்டில் கலிபோர்ணியா மாநிலம், கொடிய வீடியோ விளையாட்டுகளை 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பவர்க்கு 1,000 டொலர் வரை தண்டம் விதிக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. அதற்குக் கையொப்பமிட்ட ஆளுநர் யார் தெரியுமா? அடியும் குத்தும் துவக்கும் நிறைந்த படங்களில் நடித்தே உலகப்புகழ் ஈட்டிய ஆர்னோல்ட் சுவாஸ்நேகர்! அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே கீழ் நீதிமன்றங்களினால் தடுக்கப்பட்டது. 2011 யூன் 27இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அச்சட்டம் செல்லாது என்று தீர்த்தது.

நீதியரசர் ஸ்காலியா தமது தீர்ப்பிலே, குழந்தைகளுக்குக் காலங்காலமாகக் கூறப்படும் கதைகளிலும் இரத்தம் இல்லாமலில்லை என்று எடுத்துக்காட்டினார். கிறிம் சகோதரர் தொகுத்த கதைகளில் சூனியக்காரி அடுப்பில் எரிக்கப்படுகின்றாள். கொடிய சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துகின்றன. நமக்கு இந்த வாதம் புதிதன்று. கந்தசஷ்டி தோறும் எமது கோயில் வீதிகளிலே சூரன்போர் நிகழ்கின்றது. தந்தையின் தோளிலேறி நின்று, சூரனின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்வதைக் கண்டு ஆரவாரிக்காத பிள்ளை எம் ஊர்களில் உண்டா? கூத்து மேடையிலே கீசகன் வதையும் இரணியன் வதையும் விடிய விடியக் கண்ட எமது பாட்டன்மார், மறுநாட் காலையிலே மண்வெட்டியைத் தோளில் வைத்துத் தோட்டத்துக்குத்தான் போனார்கள், கொலைக்களத்துக்குப் போகவில்லை. கதையிலே வீழும் தலைக்கும் வீதியிலே வீழும் தலைக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் நாம் எண்ணுவதினும் நன்றாக அறிவர்.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அந்தக் கலிபோர்ணியச் சட்டத்தைக் கொண்டுவந்த சட்டசபை உறுப்பினர் லீலன்ட் யீ 2014இல் கைது செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களிலே, உண்மையான துவக்குகளைக் கடத்துவதற்கு உடன்பட்டமையும் ஒன்று. சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2016இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஒருவரின் வீழ்ச்சியைக் கொண்டு ஒரு கொள்கையைப் பொய்யாக்குவது முறையன்று. ஆயினும், திரையிலுள்ள துவக்கைத் தடுப்பதில் அக்கறை காட்டுவோர் தெருவிலுள்ள துவக்கைத் தடுப்பதிலும் அதே அக்கறை காட்டுவர் என்று நம்பிவிடலாகாது என்பதற்கு இது எச்சரிக்கை.

விரல் எங்கே நீள்கின்றது?

2012 டிசம்பர் 14இல் அமெரிக்காவின் சான்டி ஹூக் பாடசாலையில் 20 குழந்தைகளும் 6 வளர்ந்தோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரத்தின் பின் தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர் ஒருவர் ஊடகங்களின் முன் தோன்றி, வீடியோ விளையாட்டுத் தொழிலைக் கடிந்து பேசினார். கொலையாளி ஏந்திச் சென்றவை அவனுடைய தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்த துவக்குகள். அவன் வன்முறை விளையாட்டுகளை விளையாடியது உண்மை. ஆனால் மணிக்கணக்காக அவன் ஆடிய விளையாட்டு, தாளத்துக்கு ஏற்பக் கால்மாற்றும் நடன விளையாட்டு என்றும் விசாரணை அறிக்கை கூறுகின்றது. நடனத்தைத் தடைசெய்க என்று எவரும் கேட்கவில்லை. துவக்கைத் தடைசெய்க என்று கேட்டோரின் குரலும் எடுபடவில்லை.

அமெரிக்க அரசின் இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கையிட்டன. தாக்கியோரில் 12 வீதத்தினரே வன்முறை வீடியோ விளையாட்டுகளில் நாட்டம் காட்டியிருந்தனர். பெரும்பாலானோர் பிறரால் துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் துவக்கைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தவர்கள்.

கைக்கெட்டும் தூரத்திலுள்ள கருவியே சினத்தைச் சாவாக்குகின்றது என்பதை இலங்கையின் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1995ஆம் ஆண்டளவில் உலகிலே தற்கொலை மிக மலிந்த நாடுகளில் ஒன்றாக எம் நாடு இருந்தது. அவற்றிற் பல பயிர்க் கிருமிநாசினிகளினால் நேர்ந்தவை. அவ்வாண்டு தொட்டு மிகக் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. மனிதரின் துயரம் குறைந்ததா? கடன் தீர்ந்ததா? போர் மூண்டும் கடல்கோள் வந்தும் துயரம் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. கொட்டிலில் இருந்த நஞ்சு மாத்திரமே அகன்றது. ஆயிரக்கணக்கான உயிர் தப்பியது. கருவியைக் கட்டுப்படுத்தினால் உயிர் தப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டினுள்ளும் நோக்கவேண்டும். 2008இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இலங்கையின் வடக்குக் கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ் மாணவரைக் கண்டு வினவிற்று. போரின் கொடுமையை நேரிற் கண்டோர் அவர்களிற் பெரும்பான்மையினர். அதனிலும் எம் நெஞ்சைச் சுடுவது, ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுமே வீட்டுக்குள் ஏதேனும் ஒரு வகை வன்முறையை அனுபவித்திருந்தனர் என்பதே. தந்தையின் குடியும், போரினால் உற்ற காயமும் வீட்டு வன்முறையோடு பின்னிப் பிணைந்திருந்தன. ஆசிரியரின் பிரம்பையும் தந்தையின் இடுப்புவாரையும் 'ஒழுக்கம்' என்று பெயரிட்டு வழங்கும் நாம், அடிப்பதற்கு எமது பிள்ளை திரையிலே கற்றுக்கொண்டான் என்று கூறுவது எவ்வளவு வசதியான கூற்று!

வாள்வெட்டு இளைஞன் படக் கதாநாயகனின் நடையையும் உடையையும் வசனத்தையும் பின்பற்றுகின்றான் என்றால் நாம் மறுக்கவில்லை. திரை அவனுக்கு வேஷத்தைக் கொடுத்தது. ஆனால் அதே படத்தை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் இலட்சக்கணக்கானோர் கண்டு, கைதட்டி, வீடு சென்று உறங்கினர். அவர்களுட் சிலர் மட்டும் வாளேந்தினர் என்றால், அச்சிலருக்கும் மற்றையோருக்கும் உள்ள வேறுபாட்டையன்றோ தேடவேண்டும்? தொழிலின்மை, போதைப்பொருள், கண்டிப்பாரற்ற வீடு, பிடித்தவனை மறுநாளே விடுவிக்கும் செல்வாக்கு என்று தேடுவதற்கு இடங்கள் பல உள. அவை தேடக் கடினமானவை. தேடினாற் சிலருக்குச் சங்கடம் தருபவை. படத்தைப் பழித்தால் எவருக்கும் சங்கடமில்லை.

திரை புரிந்த உண்மைக் குற்றம்

அவ்வாறாயின் திரை முற்றும் குற்றமற்றதா? அன்று. அதற்கெதிராக நிரூபிக்கப்பட்ட குற்றம் ஒன்று உண்டு. ஆனால் அது இரத்தத்தைக் காட்டிய குற்றமன்று. ஒரு மக்களினத்தைப் பகைவராகக் காட்டிய குற்றம்.

1915இல் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. கறுப்பின மக்களைக் காமுகராகவும் கொடியவராகவும் காட்டி, அவர்களை வேட்டையாடிய முகமூடிக் கூட்டத்தைக் காவலராகப் போற்றிய படம் அது. அதே ஆண்டில், மறைந்துபோயிருந்த கூ கிளக்ஸ் கிளான் மீண்டும் உயிர்பெற்றது. அப்படம் ஊரூராகச் சென்ற காலத்தை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆராய்ச்சியொன்று, படம் வந்த இடங்களில் கறுப்பின மக்கள்மீது கும்பற் கொலைகளும் கலகங்களும் பெருகினமையை எடுத்துக்காட்டிற்று. 1994இல் ருவாண்டாவிலே படமும் வேண்டியிருக்கவில்லை; வானொலியே போதியதாயிற்று. துற்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று நாள்தோறும் அழைத்த அந்த வானொலியை நடத்தியோர் 2003இல் சர்வதேச நீதிமன்றத்தினாற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

எமது நாட்டையே நோக்குவோம். 1958இல் இத்தீவிலே வதந்தி தீயாய்ப் பரவி, அயலவனை அயலவன் வெட்டி எரித்தபோது, வீடியோ விளையாட்டு என்ற சொல்லே உலகில் இல்லை. தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்ததோ 1979இல். அன்று கொலைக்குக் கத்தி எடுத்தவன் எந்தத் திரையிற் கற்றான்? அறுபது ஆண்டுகள் கழிந்து, 2018 பெப்ரவரியில், அம்பாறையிலே முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் உணவோடு மலட்டு மருந்து கலக்கப்படுகின்றது என்ற பொய் கைத்தொலைபேசித் திரைகளிலே பரவிற்று. மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியிலே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, முகநூலையும் சில நாட்கள் முடக்கிற்று. 2020இல் அந்த முகநூல் நிறுவனமே, அக்கலவரத்தில் தன் தளம் பயன்பட்டமைக்கு மன்னிப்புக் கோரிற்று. அந்தத் திரையிலே ஒரு துளி இரத்தமும் காட்டப்படவில்லை. ஒரு பொய் மட்டுமே காட்டப்பட்டது.

2019 ஓகஸ்ட் 3இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் 23 பேரின் உயிரைக் குடித்த கொலையாளி, ஸ்பானிய மொழிபேசும் மக்கள் தன் நாட்டைப் படையெடுத்து வருகின்றனர் என்று எழுதி வெளியிட்டுவிட்டே துவக்கை ஏந்தினான். இரண்டு நாள் கழித்து நாட்டுக்கு உரையாற்றிய சனாதிபதி டிரம்ப் இனவெறியைக் கண்டித்தார். வீடியோ விளையாட்டுகளையும் கண்டித்தார். ஆனால் குடிவந்த மக்களைப் 'படையெடுப்பு' என்று அரசியல் மேடைகளிலே பேசியவர்களுள் அவரும் ஒருவர் அல்லரோ? எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்.

ஆகவே நாம் கூறுவது ஒன்றே. அடியைக் காட்டும் படம் சிறு பிள்ளையைக் கலங்கச் செய்யலாம். முரட்டுப் பிள்ளையை ஒரு மாலைப்பொழுது மேலும் முரடனாக்கலாம். ஆனால் இன்னார் மனிதரல்லர், இன்னாரை அடித்தாற் பாவமில்லை என்று கற்பிக்கும் படமும் பேச்சும் செய்தியுமே ஊரைக் கொளுத்துபவை. முன்னையதைக் கண்டு அலறும் நாடு பின்னையதைக் கண்டு கைதட்டுகின்றது. அதுவே எமது அச்சம்.

தடை மருந்தாகுமா?

இவற்றையெல்லாம் அரசாங்கமே தடைசெய்துவிட்டால் என்ன என்று சிலர் வினவுவர். தடைக்கோல் யார் கையில் இருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 2000ஆம் ஆண்டில் இந்நாட்டில் திரையிடாது தடுக்கப்பட்ட படம் எது? பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர'. போருக்குச் சென்ற மகன் பிரேதப் பெட்டியில் திரும்பிவந்தான் என்பதை நம்ப மறுக்கும் பார்வையிழந்த தந்தையின் கதை அது. அதில் அடிதடி இல்லை. ஒரு கிழவனின் துயரமே உண்டு. அடிதடிப் படங்கள் தடையின்றி ஓடிய நாட்டிலே அத்துயரம் தடுக்கப்பட்டது. 2001இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அப்படம் வெளிவந்தது. வன்முறையைத் தடுப்பதற்கென்று கொடுக்கப்படும் அதிகாரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

அவ்வாறெனில் கைகட்டி இருப்பதா? இல்லை. வயதுக்குறியிடும் முறையை முன்னர்க் குறிப்பிட்டோம். வளர்ந்தோர்க்கென்று குறியிட்ட விளையாட்டைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது சட்டத்தின் குற்றமன்று, பெற்றாரின் குற்றம். அக்குறியைப் படித்துப் பார்க்கும் கடமை உத்தியோகத்தருக்கும் உண்டு, கமக்காரருக்கும் உண்டு. ஆங்கிலம் அறியாத தாய்மார்க்கு அக்குறிகளின் பொருளை விளக்குவது பாடசாலை ஆசிரியர் ஓர் அரைமணி நேரத்தில் ஆற்றக்கூடிய தொண்டு. படுக்கைக்குத் தொலைபேசியைக் கொண்டுசெல்ல விடாதிருப்பதற்கும், பிள்ளை காணும் படத்தை ஒருநாளாவது அவனருகே அமர்ந்து காண்பதற்கும் எந்தச் சட்டசபையின் அனுமதியும் வேண்டியதில்லை.

அவ்வாறு அருகமர்ந்து காணும் வேளையில், எத்தனை பேர் அடிபட்டனர் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடிபடுபவன் எந்த இனத்தவனாக, எந்தச் சாதியினனாக, எந்த மதத்தவனாகக் காட்டப்படுகின்றான் என்பதையே கவனியுங்கள். அவன் செய்த தீமைக்காக அடிபடுகின்றானா, பிறந்த பிறப்புக்காக அடிபடுகின்றானா என்று பிள்ளையிடம் கேளுங்கள். அயலவரைப் பழித்துத் தொலைபேசியில் வரும் செய்தியை, உண்மையோ பொய்யோ என்று ஆராயாது மற்றவருக்கு அனுப்பும் பெரியவர்களும் எம்மிடையே உளர் என்பதை மறக்க வேண்டாம். அந்த ஒரு செய்தி, பிள்ளை விளையாடும் நூறு விளையாட்டினும் கொடியது.

வாள்வெட்டுக்கு ஆளான இளைஞனின் தாய்க்கும், வாளேந்திய இளைஞனின் தாய்க்கும் நாம் ஒரே கடன் பட்டிருக்கின்றோம். அவர்களுக்கு உண்மையான காரணத்தைத் தேடிக் கொடுக்கும் கடன் அது. படமாளிகையின் மீது கல்லெறிந்துவிட்டு அக்கடன் தீர்ந்ததென்று வீடு திரும்ப எமக்கு உரிமை இல்லை. துவக்கும் வாளும் எவ்வழியே வருகின்றன, போதைப்பொருள் எவர் காவலில் விற்கப்படுகின்றது, தொழிலின்றித் தெருமுனையில் நிற்கும் வாலிபருக்கு நாம் என்ன வைத்திருக்கின்றோம் என்ற கேள்விகளை, வாக்குக் கேட்டு வருவோரிடம் பெயர் சொல்லிக் கேட்போம். அவர்கள் திரையைச் சுட்டிக்காட்டினால், அங்கே திரும்பிப் பாராது மறுபடியும் அதையே கேட்போம்.